'முற்றும்' போட மனமில்லாத கதைகள்

1988ஆம் ஆண்டு, பஞ்சாப் மாநிலத்து ஜலந்தர் நகரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வு அல்ல. தூர்தர்ஷனில் ஞாயிறுதோறும் காலையில் ஒளிபரப்பான 'இராமாயணம்' தொடர், கதையின் கடைசிக் காண்டத்தைக் காட்டாமலே முடியப்போகிறது என்று கேள்விப்பட்டதே காரணம். வால்மீகி முனிவரைத் தங்கள் குலத்து முன்னோராகப் போற்றுகிற சமூகத்தார் அவர்கள். காட்டில் விடப்பட்ட சீதைக்கு அந்த முனிவர் அடைக்கலம் கொடுப்பதும், அவள் பிள்ளைகளை வளர்ப்பதும் அந்தக் காண்டத்தில்தான் வருகிறது. தங்கள் முனிவரின் பங்கு வருமுன்னே கதையை மூடிவிட்டால் எப்படி? வேலைநிறுத்தம் வேறு நகரங்களுக்கும் பரவிற்று. விடுபட்ட பகுதி பின்னர் படமாக்கப்பட்டு ஒளிபரப்பாயிற்று.

அன்பான வாசகரே, பொழுதுபோக்குக் கதை ஒன்றின் முடிவுக்காக மனிதர் இவ்வளவு தூரம் போவார்களா என்று நீங்கள் கேட்கலாம். போகிறார்கள். பல மாதங்கள், சில வேளைகளில் பல வருடங்கள், ஒரு கதையைத் தொடர்ந்து வருகிறவர் தம் நேரத்தை முன்பணமாகக் கொடுக்கிறார். கதை சொல்கிறவர் அதற்கு ஈடாகத் தரவேண்டியது முடிவு. அது வராவிட்டாலும், அரைகுறையாக வந்தாலும், ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வு உண்டாகிறது. அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

நம் தமிழிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. அது முடிந்தபோது வாசகரில் பலருக்குத் திருப்தியில்லை. திடீரென்று முடித்துவிட்டீரே, இன்னார் என்ன ஆனார் என்று கேட்டார்கள். கல்கி அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. தனியாக ஒரு முடிவுரை எழுதி, கதைமாந்தர் பலருக்குப் பிற்காலத்தில் என்ன நேர்ந்தது என்பதை விளக்கினார். ஆனாலும் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மட்டும் ஐயத்திலேயே விட்டுவிட்டார். அதைப்பற்றி வாசகர்கள் இன்றும் தர்க்கித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக எவரும் அவரைக் குறைகூறுவதில்லை. இதைச் சற்றுக் கவனியுங்கள். எல்லாக் கேள்விக்கும் விடை சொல்வது நல்ல முடிவுக்கு அவசியமில்லை. நாம் யாரோடு நடந்து வந்தோமோ அவர்களை நடுவழியில் விட்டுவிட்டுப் போகாதிருந்தாலே போதுமானது.

ஐம்பத்தெட்டு வருடங்களுக்குப்பின், 2012இல், இதே காரியம் வீடியோ விளையாட்டு உலகத்தில் நடந்தது. கனடா நாட்டின் பயோவேர் நிறுவனம் 'மாஸ் எஃபெக்ட்' என்ற விண்வெளிக் கதையை மூன்று விளையாட்டுகளாக வெளியிட்டது. முதலாவது 2007இல், கடைசியானது 2012 மார்ச்சில். இதில் விளையாடுகிறவர் தாமே தளபதி. யாரைக் காப்பாற்றுவது, யாரை இழப்பது என்று அவர் எடுக்கிற ஒவ்வொரு தீர்மானமும் அடுத்த பாகத்திற்குக் கொண்டுபோகப்படும். இப்படி ஐந்து வருடம் தீர்மானம் எடுத்து வந்தவர்களுக்குக் கடைசியில் கிடைத்தவை ஏறக்குறைய ஒரே மாதிரியான மூன்று முடிவுகள். ஒன்றில் சிவப்பு ஒளி, ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை; பெரிய வித்தியாசம் அவ்வளவுதான். நான் தெரிந்துகொண்டதெல்லாம் எங்கே போயிற்று என்று விளையாடியவர்கள் கேட்டார்கள்.

அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்த விதம் வேடிக்கையானது. அந்த நிறுவனத்திற்குச் சுமார் 400 சிறு கேக்குகளை அனுப்பிவைத்தார்கள். மேலே பூசியிருந்த நிறம் மூன்று விதம். உள்ளே ருசி ஒன்றே! இன்னொரு பக்கம், முடிவை மாற்றக் கேட்டவர்கள் தங்கள் கோரிக்கையின் பெயரால் நோயுற்ற பிள்ளைகளுக்கு உதவும் தொண்டு அமைப்பு ஒன்றுக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். அதே வருடம் ஜூன் மாதத்தில் நிறுவனம் விரிவாக்கப்பட்ட முடிவு ஒன்றை இலவசமாக வெளியிட்டது. அதில் என்ன இருந்தது? தோழர்கள் என்ன ஆனார்கள், காப்பாற்றப்பட்ட உலகங்கள் எப்படியிருக்கின்றன என்ற விவரம். கல்கியின் முடிவுரையில் இருந்ததும் அதுதானே!

கல்கியும் அந்த நிறுவனமும் முடிக்க வேண்டும் என்றாவது எண்ணியிருந்தார்கள். நம் வீடுகளுக்குள் தினமும் வருகிற கதைகளில் பல, முடியவே கூடாது என்ற எண்ணத்தோடு நடத்தப்படுகிறவை. இதன் கணக்கு எளியது. தொடருக்கு இடையே வருகிற விளம்பரத்தால்தான் வருமானம். பார்க்கிறவர் எண்ணிக்கை குறையாதவரை அந்த அரை மணி நேரத்தை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனமிராது. ஆகவே கல்யாணம் நின்றுபோகிறது. செத்தவர் பிழைத்து வருகிறார். நடிகை விலகினால் 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுதிக் காட்டிவிட்டுக் கதை மேலே போகிறது. எண்ணிக்கை குறைந்த பிறகோ, சில வாரங்களுக்குள் அவசர அவசரமாகக் கதவை அடைத்துவிடுகிறார்கள்.

ஸ்டார் பிளஸில் 2000 ஜூலை முதல் 2008 நவம்பர் வரை ஓடிய 'க்யோங்கி சாஸ் பீ கபி பஹு தீ' என்ற இந்தித் தொடரை மும்பையிலும் டெல்லியிலும் வசிக்கிற நம்மில் அநேகர் அறிவார்கள். அண்டை வீட்டாரோடு உட்கார்ந்து அதைப் பார்த்தே இந்தி கற்றுக்கொண்ட தாய்மாரும் உண்டு. மொத்தம் 1,833 பாகங்கள். பாகத்துக்கு அரை மணி என்று வைத்தால் 916 மணி நேரம். தினம் எட்டு மணி நேர வேலையாகக் கணக்கிட்டால் 114 வேலை நாட்களுக்கும் மேல் ஆகிறது. இவ்வளவும் கொடுத்தவருக்குக் கதை அப்போதும் முடிந்தபாடில்லை. 2025 ஜூலையில் அதே தலைப்போடு, அதே துளசியோடு மறுபடியும் தொடங்கிவிட்டார்கள்.

தொடக்க கால வீடியோ விளையாட்டுகளிலும் முடிவு இல்லாதவை உண்டு. 1980இல் ஜப்பானில் உருவான 'பேக்-மேன்' அப்படிப்பட்டது. 255 சுற்றுகளுக்கு மேல் எவரும் போகமாட்டார்கள் என்று இருந்துவிட்டார்கள் போலும். 256ஆம் சுற்றில் எண்ணிக்கை நினைவகத்தில் அடங்காமல், திரையின் வலப்பாதி முழுவதும் எழுத்துக் குப்பையாகிவிடும். நோக்கியா கைபேசியில் நம் பிள்ளைகள் விளையாடிய பாம்பு விளையாட்டையும் நினைத்துப்பாருங்கள். பாம்பு தன் உடலையே கடித்துச் சாகும், ஆட்டம் முடியும். அதிலாவது ஒரு நேர்மை இருந்தது. 2012இல் வந்த 'கேண்டி கிரஷ்' விளையாட்டிலோ கட்டங்கள் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன. இன்னும் புதிதுபுதிதாகச் சேர்த்துக்கொண்டேயிருக்கிறார்கள். அதில் நாம் தோற்றால் காத்திருக்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். ஜெயித்தாலோ அடுத்த கட்டம் தயாராக நிற்கிறது. கைபேசியைக் கீழே வைப்பதற்கான இடம் ஒன்று அந்த விளையாட்டுக்குள் எங்குமே இல்லை.

இது நம் குடும்பங்களில் எங்கே வந்து தாக்குகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒற்றை அறை வீடு. ஒரு மூலையில் தொலைக்காட்சி, எதிர் மூலையில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. நாளைக்கு என்ன ஆகுமோ என்ற இடத்தில் நிறுத்தப்படுகிற தொடருக்காக இராத்திரிச் சாப்பாடு தள்ளிப்போகிறது. ஊரிலிருந்து வருகிற தொலைபேசி அழைப்புக்கு 'அப்புறம் பேசுகிறேன்' என்று பதில் போகிறது.

பெற்றோராகிய உங்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது 'அதை அணை' என்று அதட்டுமுன், எந்த விளையாட்டு என்று கேளுங்கள். முடிவுள்ள கதை விளையாட்டானால், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அவனிடமே விசாரியுங்கள். கதையின் நடுவில் பிடுங்கப்படுகிறவன் கோபப்படுவது இயற்கையே; நாம் வாசிக்கிற புத்தகத்தைக் கடைசி அத்தியாயத்தில் ஒருவர் பறித்தால் நமக்கும் அப்படித்தான் இருக்கும். அந்தப் பகுதியை முடிக்க விட்டுவிட்டு, என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரிந்தால் அவன் எதையோ பெற்றிருக்கிறான். முடிவே இல்லாத விளையாட்டானால் 'இன்னும் ஒரே ஒரு கட்டம்' என்ற வாக்குக்குப் பொருளில்லை. அங்கே நேரத்தை நாம்தான் குறிக்க வேண்டும்.

தொடர் பார்க்கிற பெரியவர்களும் முதலிலேயே எத்தனை பாகம் என்று விசாரித்துக்கொள்ளலாம். 1988 அக்டோபரில் தொடங்கிய தூர்தர்ஷன் 'மகாபாரதம்' 94 பாகங்களில், 1990 ஜூனில் முடிந்தது. கொரியா நாட்டுத் தொடர்களில் பல பதினாறு பாகங்களோடு நிறைவடைகின்றன. இக்கால இளம் பிள்ளைகள் அவற்றை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கல்கி 1954 டிசம்பர் 5ஆம் தேதி காலமானார். அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த 'அமரதாரா' பாதியில் நின்றது. வாரந்தோறும் காத்திருந்த வாசகருக்காக, தகப்பனார் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்துக்கொண்டு அவருடைய மகள் ஆனந்தி அந்தக் கதையை எழுதி முடித்தார்.