வண்டிக்குள் ஒரு சாட்சி

மண்முனையில் பாதைக்காகக் காத்துக்கிடந்த காலம் போய்விட்டது. 2014இல் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து கொக்கட்டிச்சோலைக்கும் ஆரையம்பதி, காத்தான்குடிக்கும் இடையே வியாபாரிகளின் வேன்கள் தாராளமாக ஓடுகின்றன. நெல் வருகிறது; துணிமணியும் பலசரக்கும் போகின்றன. இந்த வேன்கள் பலவற்றில், உரிமையாளருக்கே தெரியாமல் ஒரு சாட்சி உட்கார்ந்திருக்கிறது.

எயார்பேக்கை இயக்கும் சிறு கணினியோடு சேர்ந்திருக்கும் விபத்துப் பதிவுக் கருவிதான் அது. மோதலுக்கு முந்திய சில செக்கன்களில் வண்டி என்ன வேகத்தில் போனது, பிரேக் மிதிக்கப்பட்டதா, சீட் பெல்ட் போட்டிருந்ததா என்பதை அது பதிந்துவைக்கும். பேச்சைப் பதியாது. எயார்பேக் இல்லாத பழைய லொறிகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் இது இருக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயம். நமக்கு வாகனம் அனுப்பும் ஜப்பானும் 2022 ஜூலையில் புதிய மாதிரிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. 2025இல் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டதால் இத்தகைய வாகனங்கள் இங்கும் கூடும்.

அந்தப் பதிவு யாருக்குச் சொந்தம்? அமெரிக்காவின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் வாகன உரிமையாளருக்கே என்கிறது. குத்தகைக்கு எடுத்த வாகனமென்றால் குத்தகைக்கு எடுத்தவருக்கு. நீதிமன்ற அனுமதி போன்ற சில விலக்குகள் தவிர, அவர் சம்மதமின்றி மற்றவர் எடுக்க முடியாது. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. ஆனால் வாகனப் பெட்டியைப் பற்றி அதில் தனியாக எதுவும் இல்லை. லீசிங்கில் வேன் ஓட்டுபவர் இதை யோசிக்க வேண்டும்.

இந்தச் சாட்சி இருபக்கமும் வெட்டும். நிதானமாக வந்த சாரதியை, "வேகமாக வந்தான்" என்ற பழியிலிருந்து காப்பாற்றும். வேகமாக வந்தவரைக் காட்டியும் கொடுக்கும். எயார்பேக் வெடித்தால் அந்தப் பதிவு அழியாமல் பூட்டப்பட்டுவிடும். ஆனால் கராஜில் பழைய பெட்டியைக் கழற்றி எறிந்தால் சாட்சியும் குப்பைக்குப் போகும். ஆகவே பெரிய விபத்தென்றால், வழக்கும் காப்புறுதிக் கோரிக்கையும் முடியும்வரை கழற்றிய பெட்டியைப் பத்திரப்படுத்துங்கள். காப்புறுதி, லீசிங் படிவங்களில் வாகனத் தரவு பற்றிய வாசகம் இருந்தால், படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

இன்னொன்று. விபத்துப் பெட்டி சில செக்கன்களைத்தான் பார்க்கிறது. நாமே பூட்டும் ஜீ.பீ.எஸ். கருவியோ நாள் முழுதும் பார்க்கிறது. சரக்கு பத்திரமாக வர அது உதவும். ஆனால் வேலை முடிந்தபின் சாரதி எந்த வீட்டுக்குப் போனார், எந்த ஆஸ்பத்திரியில் நின்றார் என்பதும் முதலாளியின் தொலைபேசியில் தெரியும். அதைப் பூட்டுமுன் அவரிடம் சொல்லிவிடுங்கள். எதற்காக, எத்தனை மணிவரை பார்ப்பீர்கள் என்பதையும் எழுதிக்கொடுங்கள். நம் தகவலைக் கம்பனிகள் கேளாமல் எடுக்கக்கூடாது என்று நாம் சொல்வதானால், நம்மிடம் வேலை செய்பவருக்கும் அதே நியாயம்தான்.