இரவு ஆனா படம் சுத்துதா? 100 எம்பிபிஎஸ் போடும் முன் இதைப் பாருங்க!

ஹாலில் டிவியில் ஓடிடி படம், மாடியில் பிள்ளைகளின் செல்போனில் யூடியூப், இன்னொரு அறையில் வளைகுடாவில் வேலை பார்ப்பவருடன் வீடியோ கால். தென்காசி மாவட்டம் கடையநல்லூரில் பல வீடுகளில் இரவு 9 மணிக்கு இதுதான் நிலவரம். அந்த நேரம் பார்த்து படம் சுற்ற ஆரம்பித்தால், "பெரிய பிளானுக்கு மாத்திடலாம்" என்பதுதான் முதலில் தோன்றும். ஆனால், பல வீடுகளில் கோளாறு பிளானில் இல்லை. வைஃபை பெட்டி இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

எவ்வளவு வேகம் தேவை?

நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி, ஃபுல் ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் போதும். ஒரே நேரத்தில் ஒரு 4கே டிவி (15), 2 செல்போன்களில் ஹெச்டி வீடியோ (10), ஒரு வீடியோ கால் (சுமார் 4) ஓடினாலும் மொத்தம் 29 எம்பிபிஎஸ்தான். சிசிடிவி, ஆப் அப்டேட் என இன்னும் 10 சேர்த்தாலும் 40 எம்பிபிஎஸ் பிளானில் சமாளிக்கலாம். வீட்டில் 2, 3 டிவிகளில் ஒரே நேரத்தில் 4கே பார்த்தால்தான் 100 எம்பிபிஎஸ் பற்றி யோசிக்க வேண்டும். வீடியோ கால் அதிகம் பேசும் வீடு என்றால் அப்லோடு வேகம் எவ்வளவு என்பதையும் கேட்டுவிடுங்கள்.

'அன்லிமிடெட்' என்றால் அளவே இல்லையா?

அப்படி இல்லை. பிளானைப் பொறுத்து 1,000 ஜிபி, 3,300 ஜிபி என மாத வரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் வேகம் குறைக்கப்படும். 4கே படம் ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை இழுக்கும். தினமும் 3 மணி நேரம் பார்த்தால் மாதம் 630 ஜிபி அதற்கே போய்விடும். எனவே, வரம்பு தாண்டிய பிறகு என்ன வேகம் வரும் என்று கேளுங்கள். அது 2 எம்பிபிஎஸ் என்றால் ஒரு ஹெச்டி படம்கூட ஒழுங்காக ஓடாது. விளம்பரத்தில் ரூ.599 என்று இருந்தாலும், 18% ஜிஎஸ்டி சேர்த்து கையில் இருந்து போவது சுமார் ரூ.707.

எந்த ரவுட்டர் வாங்கலாம்?

2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் உள்ள 'டூயல் பேண்ட்' ரவுட்டர் அவசியம். 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. 5 வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது பலம் இழக்கும். அதனால், வாசல் அருகே கேபிள் நுழையும் இடத்திலேயே ரவுட்டரை மாட்டிவிட்டு, பின் அறையில் வேகம் வரலைன்னு சொல்வதில் பயனில்லை. வீட்டின் நடுவில், உயரமாக, பீரோ மறைக்காத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். டிவிக்கு லேன் கேபிள் கொடுத்துவிட்டால் வைஃபையின் சுமை பாதி குறையும். மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து இன்னொரு ரவுட்டர் வைப்பது, விலை குறைந்த எக்ஸ்டெண்டரைவிட நல்ல பலன் தரும்.

சாரல் சீசனில் மின்சாரம் போய்வந்தால்?

மோடத்துக்கும் ரவுட்டருக்கும் மினி யுபிஎஸ் வாங்கலாம். வாங்கும் முன் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்ப்பது முக்கியம்.

கோளாறு எங்கே? 2 நிமிட சோதனை

ரவுட்டருக்கு அருகில் நின்று, 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்து, ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் வேகத்தைப் பாருங்கள். பிறகு படம் சுற்றும் அறையில் பாருங்கள். இரண்டு இடத்திலும் குறைவு என்றால் இணைப்பு கொடுத்தவரிடம் புகார் செய்யலாம். அறையில் மட்டும் குறைவு என்றால் ரவுட்டரை இடம் மாற்றினாலே போதும். பிளானை மாற்றினால் பணம்தான் வீண்.

புதிதாக இணைப்பு எடுப்பவர்கள், அதே தெருவில் அதே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருப்பவரிடம் "ராத்திரி 9 மணிக்கு எப்படி வருது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.