தூக்கத்தில் அலறும் துணைக்கு



ஊர் அடங்கிய நேரம். பக்கத்தில் படுத்திருந்தவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்து அலறுகிறார். கண் திறந்திருக்கிறது, ஆனால் உங்களைப் பார்க்கவில்லை. உடம்பெல்லாம் வியர்வை. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. "என்னங்க, என்னங்க" என்று உலுக்கினால் உங்களைத் தள்ளிவிட்டு ஓடப் பார்க்கிறார். சில நிமிடத்தில் மறுபடி படுத்துக் குறட்டை விடுகிறார். காலையில் கேட்டால், "நானா? சும்மா சொல்லாதே" என்கிறார். விடிய விடியக் கண் விழித்துக் கிடந்தது நீங்கள்தான்.

இது காத்தும் அல்ல, கருப்பும் அல்ல. பைத்தியமும் அல்ல. தூக்கத்தில் வரும் ஒரு கோளாறு. குழந்தைகளுக்குத்தான் அதிகம் வரும்; பெரியவர்களில் சிலருக்கும் உண்டு. ஆண், பெண் இருவருக்கும் வரலாம். சில குடும்பங்களில் அப்பன், மகன் என்று தொடர்ந்து வருவதும் உண்டு.

தூக்கம் இரவு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. படுத்த முதல் சில மணி நேரத்தில்தான் மிக ஆழமாக இருக்கும். அந்த ஆழத்திலிருந்து உடம்பு பாதி விழித்துக்கொள்ள, மூளையின் மீதிப் பகுதி தூங்கிக்கொண்டே இருந்தால் இப்படி அலறல் வருகிறது. அதனால்தான் காலையில் ஞாபகம் இருப்பதில்லை. கெட்ட கனவு வேறு. அது பெரும்பாலும் பின்னிரவில் வரும். விழித்தபின் கனவும் ஞாபகத்தில் இருக்கும்.

ஒரு தடுப்பூசி நாளன்று கைக்குழந்தையோடு வந்த பெண்ணின் தோள் கன்றிப் போயிருந்தது. "அடிக்கிறாரா?" என்று நர்ஸம்மா மெதுவாகக் கேட்டார். "பகல்ல கைய நீட்டுனதே இல்லீங்க. ராத்திரி தூக்கத்துல அலறிக்கிட்டு தள்ளிவிடுறாரு" என்று அழுதார் அந்தப் பெண். ஆறு மாதமாகக் குழந்தையோடு அடுப்படியில்தான் படுக்கை. கோடாங்கியிடம் போய்ப் பணமும் செலவு. பேய் அண்டாமல் இருக்க அவர் தலையணைக்கடியில் அரிவாள் வேறு வைத்திருந்தார்கள்! அதைக் கேட்டு எனக்குத்தான் உடம்பு நடுங்கியது. தன்னை மறந்து எழுகிறவன் கைக்கு எட்டும் இடத்தில் அரிவாளா?

அவரிடம் தனியே பேசினோம். கரும்பு வெட்டுக் காலம். படுக்கப் பதினொரு மணி, எழுந்திருப்பது மூன்று மணிக்கு. உடம்பு வலிக்கென்று படுக்குமுன் ஒரு குவார்ட்டர். தூக்கக் குறைவும் சாராயமும் அலறலைக் கிளப்பிவிடும். காய்ச்சல், மனக்கவலை, சில மாத்திரைகளும் அப்படியே. முதலில் அரிவாளை எடுக்கச் சொன்னோம். டாக்டரைப் பார்த்தார், குடியை விட்டார், ஒன்பது மணிக்கே படுக்கப் பழகினார். வாரம் மூன்று நான்கு முறை வந்தது மாதம் ஒன்றாகக் குறைந்தது. அடியோடு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் மனைவி அடுப்படியை விட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். விழித்திருக்கும்போது கை நீட்டுகிறவருக்கு இந்த அறிக்கை சாக்கு ஆகாது.

அலறல் வந்தால் கட்டிப் பிடிக்காதீர்கள், உலுக்காதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். பிடித்தால் பயம் கூடி அடித்துவிடுவார். சற்றுத் தள்ளி நின்று, "ஒண்ணுமில்ல, நான்தான், படுங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். எழுந்து நடந்தால் மெதுவாகப் படுக்கைப் பக்கம் திருப்பிவிடுங்கள். கட்டிலை விடத் தரையில் பாய் நல்லது. மொட்டை மாடி, கிணற்றுமேட்டுப் படுக்கை வேண்டாம். கதவைத் தாழிடுங்கள். விளக்கு, கத்தி, கண்ணாடிப் பொருள்களைத் தள்ளி வையுங்கள். குழந்தையை அவர் பக்கத்தில் போடாதீர்கள். காலையில் கேலி செய்ய வேண்டாம். ஊராரிடம் சொல்லிச் சிரிக்கவும் வேண்டாம்.

தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், பிதற்றல், வலிப்புகூட வரலாம். டாக்டர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். தூக்க மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

"அமுக்குவான்" என்பது இன்னொன்று. விழிப்பு வந்துவிடும், கை கால் அசையாது, நெஞ்சில் ஏதோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். மூளை விழித்தும் உடம்பின் கட்டு அவிழாத சில விநாடிகள், சில நிமிடங்கள் அவை. தானே சரியாகிவிடும். மல்லாந்து படுப்பவருக்கும் நேரம் தவறித் தூங்குபவருக்கும் அதிகம் வரும்.

சிலவற்றுக்கு டாக்டரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது. ஐம்பது வயது தாண்டியவர் விடியற்காலையில் கனவில் சண்டை போடுவது போல உதைத்தால், அது நரம்பு நோயின் முன்னடையாளமாக இருக்கலாம். நாக்கு கடிபட்டாலோ, துணியில் சிறுநீர் போனாலோ, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி கை கால் வெட்டினாலோ வலிப்பாக இருக்கலாம். பெருங்குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தாலும் காட்ட வேண்டும். விபத்து, சாவு பார்த்தபின் அதே காட்சி கனவில் திரும்பத் திரும்ப வந்தால் மனநல டாக்டரிடம் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். அலறியவருக்கு நடந்தது தெரியாது, பார்த்தது நீங்கள்தான். எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது அலறினார், அன்றைக்குக் குடித்திருந்தாரா என்று ஒரு வாரம் காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். முடிந்தால் செல்போனில் படம் எடுத்து வாருங்கள், அவர் சம்மதத்தோடு.