நம் காட்டு எறும்புத்தின்னி

"சார், எறும்புத்தின்னி தென் அமெரிக்காவில் வாழ்கிறது என்று புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் ஏரியூர்க் காட்டில் எறும்புத்தின்னி உண்டு என்று தாத்தா சொல்கிறார். எது சரி?" என்று மாணவர் ஒருவர் கேட்டார். நான் இயற்பியல் ஆசிரியன். ஆயினும் கேள்வி என்னை விடவில்லை. இரண்டுமே சரிதான். பெயர் ஒன்று, விலங்குகள் வேறு!

தென் அமெரிக்காவில் வாழ்வது இராட்சத எறும்புத்தின்னி. மூக்கிலிருந்து வால் நுனி வரை சுமார் 2 மீட்டர் நீளம். உடலெங்கும் முரட்டு மயிர். குழாய் போன்ற முகம். பல்லே கிடையாது. சுமார் 60 செ.மீ. நீளமுள்ள நாக்கைப் புற்றுக்குள் விட்டு விட்டு இழுத்து, ஒரே நாளில் 30,000 எறும்புகள் வரை தின்றுவிடும். ஒரு புற்றில் சிறிது நேரமே தின்னும். புற்றை அடியோடு அழிக்காமல் அடுத்ததற்குப் போய்விடும்.

நம் காட்டில் இருப்பது அழுங்கு. இதன் உடலில் மயிருக்குப் பதில் செதில்கள். ஓட்டு வீட்டுக் கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. பார்த்தால் பல்லி இனமோ என்று தோன்றும். ஆனால் குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு இது.

இந்த இரண்டும் உறவினர் அல்ல என்பதுதான் வியப்பு! அழுங்குக்கு நெருங்கிய உறவு நாய், பூனை, புலி முதலான ஊனுண்ணிகள். ஆயினும் அழுங்குக்கும் பல் இல்லை. நீண்ட, பசையுள்ள நாக்கு உண்டு. புற்றைப் பெயர்க்க வலிய நகங்கள் உண்டு. ஒரே வகை உணவைத் தேடிய இரு விலங்குகளுக்கு இயற்கை ஒரே வகைக் கருவிகளைத் தந்திருக்கிறது.

அழுங்கு பகலில் வளைக்குள் உறங்கும், இரவில் புறப்படும். கண் பார்வை மங்கல், மோப்பமே வழிகாட்டி. கடிக்கும் எறும்புகள் நுழையாதபடி மூக்கையும் காதையும் மூடிக்கொள்ள வல்லது. நாக்கின் அடி நம்மைப்போல் தொண்டையருகே முடிவதில்லை. மார்பெலும்பின் கடைக்கோடி வரை செல்கிறது. பல் செய்யும் வேலையை வயிறு செய்கிறது. கோழியின் இரைப்பையில் நடப்பதுபோல், விழுங்கிய சிறு கற்கள் அங்கே இரையை அரைக்கின்றன. கடலைச் செடியையும் வீட்டு நிலையையும் அரிக்கும் கறையானைத் தின்பதால் இது உழவருக்கும் நண்பன்.

ஆபத்து வந்தால் அழுங்கு ஓடாது. எதிர்த்துக் கடிக்கவும் பல் இல்லை. தலையை வயிற்றுக்குள் வைத்து, வாலால் சுற்றிப் பந்தாகிவிடும். உருண்டையான பொருளைத் தாடையால் கவ்விப் பிடிப்பது எளிதன்று. பல் செதிலின்மேல் வழுக்கும். சிங்கமும் சிறுத்தையும்கூட உருட்டிப் பார்த்து அலுத்துப்போய்ப் பெரும்பாலும் விட்டுவிடும்.

ஆனால் மனிதனுக்கு? ஓடாத விலங்கைக் குனிந்து எடுத்துச் சாக்கில் போட்டுக்கொள்வது எவ்வளவு எளிது! புலியிடமிருந்து காத்த தந்திரமே மனிதனிடம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மின்வேலியிலும் இதே கதிதான். தென் ஆப்பிரிக்காவில், தாழ்ந்த கம்பி பட்டதும் அழுங்குகள் அஞ்சிச் சுருளுகின்றன. சுருளும்போது கம்பியையே சுற்றிக்கொள்கின்றன. விலகினால் தப்பலாம், விலகாததால் மின்னதிர்ச்சி தொடர்ந்து பாய்ந்து இறக்கின்றன.

அழுங்கைக் கொல்வது எதற்காக? இறைச்சிக்காகவும், செதில் மருந்தாகும் என்ற நம்பிக்கைக்காகவும். அந்தச் செதில் எதனால் ஆனது தெரியுமா? கெரட்டின் என்னும் புரதத்தால். உங்கள் விரல் நகமும் தலைமயிரும் அதே பொருள்தான்! நகம் வெட்டிய துண்டை யாராவது மருந்தென்று விலை கொடுத்து வாங்குவார்களா? செதிலுக்கு அதிக கிராக்கி இருந்த சீனாவே 2020-இல் அதைத் தன் அதிகாரபூர்வ மருந்து நூலின் மூலப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அழுங்கை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. பிடிப்பதும் விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2016-இல் உலக நாடுகள் கூடி, பன்னாட்டு வணிகத்தையும் தடை செய்ய முடிவெடுத்தன. ஆயினும் அழுங்கு பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரே குட்டிதான் ஈனுகிறது. போனதை ஈடுசெய்யப் பல்லாண்டுகள் ஆகும்.

எனவே, மாணவ நண்பர்களே! காட்டோரத்தில் அழுங்கைக் கண்டால் தொடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கவும் நினைக்காதீர்கள். அதற்கு வேண்டிய எறும்பும் கறையானும் நம்மால் கொடுத்து மாளாது. விலகி நின்று, வனத்துறையினருக்குச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் பந்து மெல்ல அவிழும். கூர்மூக்கு வெளியே வரும். அது தன் வழியே போய்விடும். தாத்தா கண்டதைப் பேரனும் காண வேண்டுமானால், நாம் செய்ய வேண்டியது அவ்வளவே.