மகனுக்கு எழுதிய மாத்திரை தந்தைக்கு ஆகுமா?
பூஞ்சைத் தொற்றுக்கான உள்மருந்துகள் குறித்து

படர்தாமரைக்காக எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வருவோரில் பலர், அந்நோய் வீட்டில் தமக்கு மட்டும் இருப்பதாகச் சொல்வதில்லை. கணவருக்கு இருந்தால் மனைவிக்கும், தாய்க்கு இருந்தால் மடியில் தூங்கும் குழந்தைக்கும் இருக்கிறது. ஒரே துண்டு, ஒரே போர்வை, ஒரே சோப்பு என்று வாழும் வீடுகளில் இது வியப்பன்று. ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை வீட்டார் பகிர்ந்துகொள்வதும் அதே இயல்பில் நடந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரையுடன் வந்தார். அவருக்கு இட்ராகோனசோல் கேப்சூல் எழுதிக் கொடுத்தேன். வீட்டில் வேறு யாருக்கேனும் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "அப்பாவுக்கும் இருக்கிறது, டாக்டர்" என்றார். அவரையும் அழைத்து வரச் சொன்னேன். தந்தை வரவில்லை. இரண்டு வாரங்களில் மகனுக்கு அரிப்பு அடங்கியதைக் கண்டு, அதே சீட்டைக் காட்டித் தந்தைக்கும் கேப்சூல் வாங்கியிருக்கிறார்கள். மூன்றாவது வாரத்தில் தந்தையின் இரு கால்களும் வீங்கின. இரவில் படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே விடிய வைத்திருக்கிறார். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த பிறகே, அவருக்கு முன்பு மாரடைப்பு ஏற்பட்டதும், இதயம் இரத்தத்தைச் செலுத்தும் திறன் குறைந்திருந்ததும் எனக்குத் தெரியவந்தன.

அவர் நலமடைந்து வீடு திரும்பினார். அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அழைத்து வாருங்கள்" என்று சொன்ன நான், "இந்த மாத்திரையை அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்" என்று சொல்லவில்லை. அன்று விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

மருந்து செய்யும் வேலை

பூஞ்சைக்கு அதன் உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வைக் கட்ட எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருள் வேண்டும். அதை உருவாக்கும் நொதி ஒன்றை இட்ராகோனசோல் தடுக்கிறது. சவ்வு பழுதடைந்த பூஞ்சை வளர முடியாமல் போகிறது. மனித உடலில் எர்கோஸ்டெரால் இல்லை என்பதால் மருந்தின் அடி பெரும்பாலும் பூஞ்சையின் மீதே விழுகிறது.

ஆனால் பூஞ்சையின் அந்த நொதியும், நம் கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே இட்ராகோனசோல் கல்லீரலின் இந்த வேலையையும் மந்தப்படுத்துகிறது. நாள்தோறும் உண்ணும் வேறு மாத்திரைகள் உரிய நேரத்தில் வெளியேறாமல் இரத்தத்தில் சேர்கின்றன. அளவு கூட்டாமலே அளவு கூடிப்போகிறது. என் அனுபவத்தில், இந்த மருந்தால் வரும் தொல்லைகளில் கணிசமானவை இவ்வாறு பிற மருந்துகளோடு மோதுவதால் வருபவையே.

எந்த மாத்திரைகளோடு சேராது

கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின், லோவாஸ்டாடின் ஆகியவற்றை இதனுடன் உண்ணவே கூடாது. தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அட்டோர்வாஸ்டாடின் உண்போருக்கும் அளவைக் குறைக்கவோ சில வாரங்கள் நிறுத்திவைக்கவோ வேண்டியிருக்கும். கை கால்களில் காரணமற்ற தசை வலியும் கருஞ்சிவப்பாகச் சிறுநீரும் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் அளவு கூடினால் கணுக்கால் வீங்கும், தலை சுற்றும். இரத்தம் உறையாதிருக்க உண்ணும் வார்ஃபரின், ரிவரோக்ஸபான் போன்றவற்றால் இரத்தக் கசிவு நேரலாம். இதயத் துடிப்பைச் சீராக்கும் டிஜாக்சின் நஞ்சாக மாறலாம். ஒற்றைத் தலைவலிக்கான எர்கோடமைன், இரத்தக் குழாய்களை ஆபத்தான அளவுக்குச் சுருக்கிவிடும். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை பெற்றவர்கள் உண்ணும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டும் இரத்தத்தில் ஏறும். அவர்கள் தம் சிறுநீரக மருத்துவரைக் கேளாமல் எந்தப் பூஞ்சை மருந்தையும் தொட வேண்டாம்.

எதிர்த்திசையில் வேலை செய்பவையும் உண்டு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபைன் ஆகியவை இட்ராகோனசோலையே விரைவாக வெளியேற்றிவிடும். மாதக்கணக்கில் மருந்து உண்டும் படர்தாமரை அசையாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

நம் ஊரில் மிகச் சாதாரணமாக வாங்கப்படும் ஒரு கேப்சூலைத் தனியே குறிப்பிட வேண்டும். நெஞ்செரிச்சலுக்கும் வயிற்று உப்புசத்துக்கும் காலையில் பலரும் போட்டுக்கொள்ளும், பான்டோபிரசோலும் டாம்பெரிடோனும் சேர்ந்த கேப்சூல் அது. "அது மருந்தா, டாக்டர்? கேஸுக்குத்தானே" என்று கேட்போர் உண்டு. அதிலுள்ள பான்டோபிரசோல் இரைப்பையின் அமிலத்தைக் குறைப்பதால் இட்ராகோனசோல் உடலில் சேர்வதில்லை. டாம்பெரிடோனோ இட்ராகோனசோலுடன் சேரும்போது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும். ஒரே கேப்சூலில் இரண்டு இடர்கள் இருக்கின்றன.

இட்ராகோனசோலை நிறுத்திய பின்னும் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு அதன் விளைவு உடலில் நீடிக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

யாருக்கு வேண்டாம்

இதயத் தசை பலவீனமானவர்களுக்குத் தோல், நகப் பூஞ்சைக்காக இட்ராகோனசோல் தருவதில்லை. அது இதயத்தின் சுருங்கும் விசையைக் குறைக்கிறது. மாரடைப்பு வந்தவர்கள், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை உண்போர், எக்கோ பரிசோதனையில் குறை காணப்பட்டவர்கள் ஆகியோர் கேட்கப்படாவிட்டாலும் தாமாகவே அதைச் சொல்லிவிட வேண்டும்.

கருவுற்றிருப்போருக்கும் கருவுற விரும்புவோருக்கும் இது உகந்ததன்று. சிகிச்சைக் காலத்திலும், அது முடிந்து இரண்டு மாதங்கள் வரையிலும் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாய்ப்பால் கொடுப்போர் முன்கூட்டியே தெரிவித்தால் பூச்சு மருந்துகளைக் கொண்டே சிகிச்சையைத் தொடங்கலாம்.

கல்லீரல் பாதிப்பு அரிது. வந்தால் கடுமையாக இருக்கலாம். ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்களும் மது அருந்துவோரும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிகிச்சை ஒரு மாதத்தைத் தாண்டும் எனில் இரத்தப் பரிசோதனை செய்கிறோம். பசியின்மை, ஓயாத குமட்டல், சோர்வு, சிறுநீர் அடர்மஞ்சளாதல், மலம் வெளிறுதல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வாருங்கள். கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம்.

இலேசான வயிற்று வலி, தலைவலி, குமட்டல் முதலியவை சிலருக்கு வரும். இவற்றுக்காக அஞ்சி நிறுத்தத் தேவையில்லை. மருத்துவரிடம் சொன்னால் போதும். கால் வீக்கம், மூச்சுத் திணறல், காது மந்தமாதல், விரல்களில் மதமதப்பு ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையை உண்ணாமல் எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்.

எப்படி உண்பது

வழக்கமான இட்ராகோனசோல் கேப்சூலை வயிறு நிறைய உண்ட உடனே விழுங்க வேண்டும். உணவும் இரைப்பை அமிலமும் இருந்தால்தான் அது கரைந்து இரத்தத்தில் சேரும். காலையில் காபியோடு விழுங்கினால் பெரும்பகுதி வீணாகிவிடும். அமிலத்தைத் தணிக்கும் திரவ மருந்து குடிக்க நேர்ந்தால், கேப்சூல் உண்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். விரத நாட்களில் மருந்தை விட்டுவிடாமல் உணவு உண்ணும் வேளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ரமலான் நோன்பு நோற்பவர்கள் ஸஹர், இஃப்தார் உணவுகளுக்குப் பின் உண்ணலாம். கேப்சூலைத் திறந்து உள்ளே உள்ள சிறு மணிகளைப் பொடிக்கக் கூடாது.

அட்டையில் உள்ள எண்ணைப் பார்த்து நீங்களே மாற்றிக்கொள்வதிலும் ஆபத்து உண்டு. உடலில் கூடுதலாகச் சேரும்படி தயாரிக்கப்பட்ட புதிய வகைக் கேப்சூல்கள் இப்போது கிடைக்கின்றன. அவற்றில் 50 மில்லிகிராம் வகை, பழைய வகையின் 100 மில்லிகிராமுக்கு ஏறக்குறைய ஈடாகும். மருந்துக்கடையில் "அது இல்லை, இது இருக்கிறது" என்றால் வாங்குமுன் எங்களிடம் கேட்டுவிடுங்கள்.

நகப் பூஞ்சைக்குச் சில வேளைகளில் மாதத்தில் ஒரு வாரம் மட்டும் உண்ணச் சொல்வோம். மீதி மூன்று வாரங்கள் மறதியால் விட்டதாக எண்ணி, சேர்த்து உண்டவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த இடைவெளி வேண்டுமென்றே விடப்படுவது. மருந்து நகத்திலேயே பல மாதங்கள் தங்கி வேலை செய்யும். உடலில் உள்ள படர்தாமரைக்கோ நாள்தோறும், பெரும்பாலும் நான்கு வாரங்களுக்குக் குறையாமல் உண்ண வேண்டும். அரிப்பு நின்றதும் பூஞ்சை போய்விட்டது என்று பொருளல்ல.

மாத்திரை உண்ணும் காலத்தில் கடையில் கேட்டு வாங்கிய, ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவ வேண்டாம். தடவியதும் சிவப்பும் அரிப்பும் மறையும். பூஞ்சையோ அடியில் பரவிக்கொண்டிருக்கும். இதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும். அத்தனை கோபம் எனக்கு அந்தக் களிம்புகளின் மீது உண்டு.

பழைய சீட்டை வைத்திருப்போருக்கு ஒரு சொல். கீட்டோகோனசோல் மாத்திரையால் கல்லீரல் பழுதடையக்கூடும் என்பதால், 2013ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் பயன்பாட்டைக் கடுமையாகச் சுருக்கியது. ஐரோப்பிய அமைப்பு அதை நிறுத்தவே பரிந்துரைத்தது. பழைய சீட்டில் அந்த மாத்திரை இருந்தால் மீண்டும் வாங்க வேண்டாம். அதே மருந்து கலந்த ஷாம்பூவுக்கும் களிம்புக்கும் இந்த அச்சம் இல்லை.

தொடக்கத்தில் சொன்ன தந்தைக்குப் பின்னர் பூச்சு மருந்தும் டெர்பினாஃபின் மாத்திரையும் கொடுத்தோம். அதுவும் அவர் உண்ணும் மெட்டோப்ரோலோல் மாத்திரையின் அளவை இரத்தத்தில் ஏற்றக்கூடியது என்பதால், இதய மருத்துவரிடம் கலந்து பேசி, நாடித்துடிப்பைக் கவனித்தபடியே கொடுத்தோம். நாக்கில் சுவை குறைந்ததாக ஒருமுறை சொன்னார். அந்த மருந்துக்கு அப்படி ஒரு பக்கவிளைவு உண்டு. மருந்தை முடித்த பிறகு சில வாரங்களில் சுவை திரும்பியது. படர்தாமரை ஆற மகனைவிட அவருக்கு இரண்டு மடங்கு காலமாயிற்று. இப்போதெல்லாம் எந்தப் பிரிவுக்கு வந்தாலும் ஒரு முறுக்கு டப்பாவில் தம் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் போட்டுக் கொண்டுவந்து மேசையில் கவிழ்க்கிறார். அடுத்த முறை வரும்போது நீங்களும் அப்படியே கொண்டுவாருங்கள். கேஸுக்குப் போடும் கேப்சூலையும் சேர்த்து.