உங்களுக்குத் தெரியுமா? பழைய ரிவால்வரின் வயிற்றில் ஒரு சர்வீஸ் பில்!

பட்டு எடுக்கப் போகும் விவரமானவர்கள் புடவையைப் புரட்டி அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். பழைய ரிவால்வரிலும் அதே கதைதான்! சில ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களில் கைப்பிடியின் இடப்பக்கத் தகட்டைக் கழற்றினால், அடியில் இரும்பில் பொடி எழுத்தில் ‘4.53’ என்று இருக்கும். விலை என்று நினைத்தீர்களா? மாடல் நம்பரா? இரண்டும் இல்லை! 1953 ஏப்ரலில் அந்தத் துப்பாக்கி மறுபடியும் கம்பெனிக்குப் போய், வேலை பார்த்துத் திரும்பியிருக்கிறது!

அதோடு ‘ஆர்’ என்ற எழுத்தும் இருந்தால் மேல்பூச்சு புதிது! ‘என்’ என்றால் நிக்கல் முலாம். ‘பி’ என்றால் நீலப் பூச்சு. ‘எஸ்’ என்றால்? ஸ்டாண்டர்ட். அதுவும் நீலம்தான்!

சீரியல் நம்பர் பக்கத்தில் குட்டியாக ஒரு நட்சத்திரம் தெரிகிறதா? அழகுக்கு அடித்தது என்று விட்டுவிடாதீர்கள்! ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் அதற்கு ஒரே அர்த்தம்: கம்பெனிக்குத் திரும்பிப் போய் வந்த துப்பாக்கி! அதே நட்சத்திரம் பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியில், மாடல் எண்ணுக்குப் பின்னால் நின்றால் ரிப்பேரே இல்லை. அந்த மாடலின் வடிவமைப்பில் சின்னதாக ஒரு திருத்தம் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சரி, லீ என்ஃபீல்டு ரைபிளின் குழல் அடியில் அது இருந்தால்? குழலுக்குள் துரு அரித்துக் குழி விழுந்திருக்கிறது! ஒரே நட்சத்திரம், மூன்று ஜாதகம்! சினிமா விமர்சனம் மாதிரி நட்சத்திரம் கூடினால் நல்லது என்று கணக்குப் போட்டு வாங்கினால் போச்சு!

பிறந்தது அமெரிக்கா. சேவகம் ஆஸ்திரேலியாவில். ஆயுள் நீட்டிப்பும் அங்கேயே! இரண்டாம் உலகப் போரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பிரிட்டனுக்கும் அதன் கூட்டாளி நாடுகளுக்கும் அனுப்பிய ரிவால்வர்கள் மட்டும் 5 லட்சத்துக்கு மேல்! அவற்றில் ஆஸ்திரேலியா போன பலவற்றில் ‘எஃப்.டி.ஆர்.’ என்ற முத்திரையும் 53, 54 போன்ற ஆண்டுகளும் இருக்கும். ‘ஃபேக்டரி தரோ ரிப்பேர்’ என்பதன் சுருக்கம் அது. அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூச்சுப் போட்ட லித்கோ தொழிற்சாலையின் கைவேலை! அந்தத் தொழிற்சாலை திறந்தது 1912-இல்!

நம் ஊரில் எஃப்.டி.ஆர். இல்லையா என்ன? பேஷாக உண்டு! வங்காளத்து ஈசாப்பூர் ரைபிள் தொழிற்சாலைக்குப் போங்கள். அங்கே வெள்ளைக்காரன் ராஜா முடியோடு முத்திரை குத்திய ரைபிள்களையே, விடுதலைக்குப் பிறகு பிரித்து மாட்டி எஃப்.டி.ஆர். அடித்தார்கள். புதிதாகச் செய்தவற்றில் முடி போய், அசோகரின் சிங்கம் வந்து உட்கார்ந்தது! ஒரே இரும்பில் ராஜாவின் கிரீடமும் குடியரசின் ரிப்பேர் முத்திரையும்! ரைபிள் தொழிற்சாலை 1904-இல் வந்தது. அதே ஊரில் வெடிமருந்து ஆலை எப்போது வந்தது தெரியுமா? 1787!

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சீரியல் நம்பருக்கு முன்னால் ‘வி’ இருந்தால் போர்க்கால ‘விக்டரி’ மாடல். கூடவே ‘எஸ்’ இருந்தால்? அதன் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது! 1944-இல் கப்பலில் கைதவறி விழுந்த ரிவால்வர் தானாக வெடித்து ஒரு மாலுமி இறந்தார். உடனே உள்ளே ஒரு பாதுகாப்புத் தடுப்பை மாற்றி வைத்தார்கள். அந்தத் தடுப்பு இருப்பதற்கு அடையாளம்தான் ‘எஸ்’!

ஹாமரின் பின்கொம்பு காணோமே, உடைந்துவிட்டதோ? இல்லவே இல்லை! என்ஃபீல்டு இரண்டாம் நம்பர் ரிவால்வர் 1932-இல் கொம்போடுதான் வந்தது. 1938-இல் கொம்பை எடுத்துவிட்டார்கள். ரிப்பேருக்கு வந்த பழசுகளுக்கும் அதே கதி! அதனால் கொம்போடு தப்பிய பழைய துப்பாக்கி கிடைத்தால் சேகரிப்பாளருக்கு லாட்டரி!

தகதக என்று மின்னும் நிக்கல் ரிவால்வரா? டிரிக்கரையும் ஹாமரையும் பாருங்கள்! ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அவை இரண்டுக்கும் நிக்கல் பூசும் வழக்கமில்லை. அங்கேயும் நிக்கல் பளபளத்தால், வெளிப் பட்டறையில் யாரோ கைவைத்துவிட்டார்கள்! பழைய மடக்கு ரிவால்வர் என்றால் டிரிக்கர் கார்டையும் பார்த்துவிடுங்கள். உடம்பெல்லாம் நிக்கலாக இருந்தாலும் அது மட்டும் நீலமாகத்தான் வரும்!

முத்திரையே இல்லாமலும் பிடிக்கலாம்! விளக்கடியில் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். கூராக இருக்க வேண்டிய விளிம்பு சோப்புக்கட்டி போல மழுங்கியிருக்கிறதா? திருகு துளையைச் சுற்றி இரும்பு கிண்ணமாகக் குழிந்திருக்கிறதா? கம்பெனிப் பெயரின் எழுத்துகளில் பாதி கரைந்திருக்கிறதா? மெருகுச் சக்கரம் ஒரு சுற்றுக் கூடுதலாக ஓடியிருக்கிறது! பூச்சு எவ்வளவு கறுப்பாக மின்னினாலும் இந்த மூன்றும் மறையாது.

பழைய துப்பாக்கியில் ‘பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்’ என்று பொறித்திருக்கிறதா? ஆமாம், அதேதான், 1849-இல் தொடங்கிய மவுண்ட் ரோடு கடிகாரக் கடை! வெள்ளைக்காரர் காலத்தில் கடிகாரத்தோடு துப்பாக்கியும் விற்றார்கள். குழலில் இருக்கும் பெயர் செய்தவர் பெயர் என்று எண்ணிவிடாதீர்கள், விற்ற கடையின் பெயராகவும் இருக்கலாம்!

இரண்டு அம்புகள் நுனியோடு நுனி முட்டுகின்றனவா? ஒற்றை அம்பு பிரிட்டிஷ் அரசின் சொத்து. எதிரெதிராக இரண்டு என்றால், அரசே விற்றுவிட்டது! அம்புக்குக் கீழே ‘ஐ’ என்ற எழுத்து? அது நம் இந்தியா!

நம்பர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தானே மதிப்பு? கோல்ட் ‘ஆர்ட்டிலரி’ ரிவால்வரில் பொருந்தினால்தான் சந்தேகம்! அமெரிக்க ராணுவம் 1890-களில் பழைய ரிவால்வர்களை மொத்தமாகப் பிரித்து, ஏழரை அங்குலக் குழலை ஐந்தரையாக வெட்டி, கைக்குக் கிடைத்த பாகங்களைக் கலந்து மாட்டியது. அந்தக் கலப்படம்தான் அசல்! கைப்பிடி மரத்தில் ‘ஆர்.ஏ.சி.’ என்று இருந்தால் சோதித்துப் பார்த்தவர் ரினால்டோ கார்!

‘இது இங்கிலாந்தில் செய்ததல்ல’ என்று இங்கிலாந்திலேயே முத்திரை குத்துவார்களா? குத்தினார்கள்! 1925 முதல் வெளிநாட்டுத் துப்பாக்கி பிரிட்டனுக்குள் சோதனைக்கு வந்தால், அதையும் இரும்பில் அடித்துத்தான் அனுப்பினார்கள். சோதித்த பர்மிங்காம் நிலையத்துக்கு வயது? 1813-இல் தொடங்கியது!

இந்த முத்திரைகளைத் தேய்க்க ஆசைப்பட்டு அரத்தை எடுத்துவிடாதீர்கள்! நம் நாட்டின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, துப்பாக்கியின் பெயரையும் நம்பரையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது. துப்பாக்கி ரிப்பேர்க் கடை வைப்பதற்குக்கூட லைசென்ஸ் வேண்டும், அது 5-ஆம் பிரிவு!

ஒரு கட்டம், அதன் குறுக்கே ஒரு கோடு. பார்த்திருக்கிறீர்களா? சோவியத் கிடங்கில் புதுப்பித்த நாகான் ரிவால்வரின் அடையாளம் அது! 1895-ஆம் ஆண்டு மாடல். மற்ற ரிவால்வர்களில் ஆறு தோட்டா போட்டுப் பழகிய கை இதில் ஏமாந்துபோகும். உருளையைச் சுழற்றி எண்ணுங்கள், ஏழு!