கண் அசைவுச் சிகிச்சை: உட்காரும் முன் கேளுங்கள்

"ரெண்டே சிட்டிங்கில் கெட்ட நினைவை அழித்துவிடுகிறோம்" என்று யாராவது விளம்பரம் செய்தால், அங்கே செருப்பைக் கழற்ற வேண்டாம். ஈ.எம்.டி.ஆர். என்ற கண் அசைவுச் சிகிச்சை நினைவை அழிப்பதில்லை. அதன் சூட்டைத்தான் தணிக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷபிரோ 1989-இல் இதன் முதல் ஆய்வை வெளியிட்டார். விபத்து, வன்முறை, பேரிடர் இவற்றுக்குப் பின் மாதக்கணக்கில் விடாமல் துரத்தும் பி.டி.எஸ்.டி. பாதிப்புக்கு, உலக சுகாதார நிறுவனம் 2013-இல் இதைப் பரிந்துரைத்தது.

பைக் விபத்தில் சிக்கிய ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். லாரியின் முன்விளக்கு கண்ணில் அடித்த நொடியை அவர் மனத்தில் நிறுத்த வேண்டும். சிகிச்சையாளர் சற்றே பக்கவாட்டில் அமர்ந்து, இரண்டு விரல்களை இடமும் வலமுமாக ஆட்டுவார். தலை அசையாது, கண் மட்டும் பின்தொடரும். அரை நிமிடம் போல ஓடியதும் நிறுத்தி, "இப்போ என்ன தோணுது?" என்பார். மீண்டும் விரல் ஆடும். இடையிடையே, பதற்றம் 0 முதல் 10 வரை எவ்வளவு என்றும் கேட்பார். ஆரம்பத்தில் 9 சொன்னவர் மெல்ல மெல்ல இறங்கி வருவார். அப்போதும் லாரி நினைவில் இருக்கும். நெஞ்சுதான் அப்படிப் படபடக்காது.

காரணம்? மனம் ஒரே நேரத்தில் கையாளக்கூடியது கொஞ்சம்தான். காட்சியையும் பிடித்துக்கொண்டு விரலையும் தொடரும்போது காட்சி மங்குகிறது; மங்கிய நிலையிலேயே திரும்பப் பதிகிறது என்பது பல ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். எண்களைப் பின்னோக்கி எண்ணச் சொன்னாலும் ஆய்வுக்கூடத்தில் இதே மாதிரி மங்கியது. ஆக, விரலில் மந்திரம் எதுவும் இல்லை. மொத்தப் பலனில் கண் அசைவின் பங்கு எவ்வளவு என்ற சண்டையும் ஓயவில்லை.

சிகிச்சைக்குப் பின் சில நாள் கெட்ட கனவு, அழுகை, மறந்திருந்த காட்சிகள் வரலாம். அதனால்தான் எட்டுக் கட்டங்களில் முதல் இரண்டு, வரலாறு கேட்பதற்கும் உங்களைத் தயார்படுத்துவதற்கும். நேராக விரலை ஆட்டத் தொடங்குபவரிடம் எழுந்து வந்துவிடலாம். வலிப்பு, கண் கோளாறு, அடிக்கடி தன்னிலை மறப்பது இருந்தால் முன்பே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பலரும் யோசிக்காத ஒன்று, வழக்கு. நெதர்லாந்தில் 2018-இல் வந்த ஆய்வொன்றில், கண் அசைத்தவர்கள் தவறான தகவலை அதிகம் நம்பினார்கள். பின்னர் வேறு குழுக்கள் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆனாலும் நினைவின் தெளிவைக் குறைக்கும் சிகிச்சை இது. குற்ற வழக்கில் சாட்சி நீங்கள் என்றால், வழக்கறிஞரிடம் பேசி, முடிந்தவரை வாக்குமூலத்தை முதலில் பதிவு செய்துவிடுங்கள். "உள்ளே புதைந்த சம்பவத்தைத் தோண்டி எடுக்கிறேன்" என்பவரை நெருங்கவே வேண்டாம்.

சிகிச்சையாளர் மனநல மருத்துவரா? மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் உண்டா? ஈ.எம்.டி.ஆரில் தனிப் பயிற்சி பெற்றவரா? கேட்பதில் கூச்சம் வேண்டாம். மனநல பராமரிப்புச் சட்டம், 2017, ரகசியம் காக்கப்படும் உரிமையையும் (பிரிவு 23) மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையையும் (பிரிவு 25) தருகிறது. உடல் நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது பிரிவு 21. சேவையில் குறை இருந்தால் முதலில் அந்த மையத்தின் பொறுப்பாளரிடமும், பலிக்காவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திலும் புகார் செய்யலாம். காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்; இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

யாரைப் பார்ப்பது என்றே தெரியாவிட்டால் 14416. அரசின் டெலி மானஸ் எண் இது. எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.